நைனாவின் தட்டை யார் எண்ணுவது?

1

எங்கள் கடையில் பலகை மாறி ஒரு வருடம் ஆகிறது. இதற்கெல்லாமா ஆண்டு நிறைவு என்று கேட்பீர்கள். எங்கள் மேனேஜர் கொண்டாடினார். வேலை பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கொரு டோனட் இலவசம் என்று ஒரு தட்டில் அடுக்கி வைத்தார். தட்டுக்கு முன்னால் வழக்கம்போல் கலோரி எழுதிய அட்டையும் நின்றது. பாதிப் பேர் அட்டையைப் பார்த்துவிட்டுக் காபியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பலகையால் என் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் எரிச்சல் என்பதுதான் சரியாகப் பிடிபடவில்லை. எழுதினால் பிடிபடுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது நியூயார்க்கில். கல்யாணம் ஆகித் தொண்ணூறுகளில் வந்தவள். வேலை ஒரு காபிக் கடையில், கல்லாவில். ஒரே பெயரில் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கடை அது. அப்படிப் பதினைந்து கிளையோ அதற்கு மேலோ உள்ள சாப்பாட்டுக் கடைகளெல்லாம், விற்கிற ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று இந்த நகரத்தில் சட்டம் போட்டார்கள். மூலையில் பொடி எழுத்தில் எழுதி ஏமாற்ற முடியாது. விலை எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, இதுவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். ஜனங்கள் பார்த்துத் திருந்தட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே நாள் முழுக்க நிற்கிறவள் நான்.

2

பலகை மாறிய முதல் வாரம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. வருடக்கணக்காக ஒரே மஃபினை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார். நான் என்னமோ அவரைக் கெடுப்பதற்கென்றே திருத்தணியிலிருந்து கிளம்பி வந்த மாதிரி. அவருக்குப் பின்னால் நின்ற ஆள், "என் வயிற்றைப் பற்றி உனக்கென்ன அக்கறை?" என்று கத்தினான். ஒருத்தி சொல்லவில்லை என்று திட்டுகிறாள், ஒருத்தன் சொல்லிவிட்டாய் என்று திட்டுகிறான். இரண்டு பேருக்கும் நான் "சாரி" சொன்னேன். இந்த ஊருக்கு வந்து நான் முதலில் சரளமாகப் பேசிய சொல் அதுதான்.

மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாருக்கும் எதுவும் எடுத்துச் சொல்லக் கூடாது. நல்லது கெட்டது பேசக் கூடாது. கேட்டால் பலகையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நாம் ஒன்று சொல்லி அவர்கள் வழக்குப் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்று அவருக்குப் பயம். சோதனைக்கு வந்த அதிகாரியோ அதைவிட மேல். கூடைக்கு முன்னால் வைத்த அட்டையில் எண் சின்னதாக இருக்கிறது என்று ஸ்கேலை வைத்து அளந்தார். அந்தக் கூடையில் இருந்த பண்டத்தை ஒரு பார்வை பார்க்கவில்லை. எல்லா அட்டையையும் புதிதாக அடித்து, வெட்டி, ஒட்டியது நானும் இன்னொரு பெண்ணும்தான்.

இதில் சந்தோஷப்பட்டவள் ஒரே ஒருத்தி. என் மகள் திவ்யா. உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து என் கடைக்கு வந்து, வேலை முடியும்வரை ஓரத்து மேசையில் உட்கார்ந்து படிப்பாள். அவளுக்கு எதை வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாயில் போட முடியாது. நான் சாதத்தில் நெய் விட்டால், "அம்மா, அது ஹன்ட்ரட் கலோரீஸ்" என்பாள். தமிழில் ஒன்று முதல் இருபதுவரை தடுமாறுகிறவள், கலோரிக் கணக்கை மட்டும் மூச்சு விடாமல் சொல்வாள். பலகை மாறிய அன்று அதை போட்டோ எடுத்துத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

3

பலகை மாறிய அதே வருடம் பனிக்காலத்துக்கு முன்னால் நைனா வந்தார்.

எங்கள் ஊர் திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் நிலத்தில் பாதி கரும்பு. வெட்டிய கரும்பெல்லாம் கூட்டுறவு ஆலைக்குப் போகும். மாட்டை விட்டு வர முடியாது, விமானம் என்றாலே பயம் என்று அம்மா வர மறுத்துவிட்டார். நைனா மட்டும் ஒரு பையில் துணியும், ஒரு பையில் சர்க்கரை மாத்திரையுமாக வந்து இறங்கினார். வாழ்நாள் முழுக்கச் சர்க்கரைக்காகப் பாடுபட்டவருக்குச் சர்க்கரை நோய். இதைச் சொல்லி அவரே சிரிப்பார், நாங்கள்தான் சிரிக்க மாட்டோம். கால் விரலில் ஒரு புண் ஆறாமல் இருந்து, திருத்தணி டாக்டர் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தி, பிறகு எப்படியோ ஆறியது. இனி ஒரு புண் வந்தால் தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆறு மாதம் என்னோடு வைத்திருந்து உடம்பைத் தேற்றி அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

பகலில் வீட்டில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஓட்டலில் இரவு வேலை, பகலில் தூக்கம். தூங்குகிற மருமகனைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்வது என்று நைனாவும் மத்தியானத்தில் என் கடைக்கு வந்துவிடுவார். திவ்யா உட்காரும் அதே ஓரத்து மேசை. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எண் படிக்க வரும். சுற்றிலும் புரியாத எழுத்தாக இருக்கிற ஊரில் அவருக்குப் புரிந்த ஒரே பொருள் எங்கள் பலகை. நாள் முழுக்க அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கல்லாவுக்கு வந்து விரலை நீட்டினார்.

"அம்மா, அதோ அறுநூத்தி சொச்சம் போட்டுக்கிறான் பாரு. அதுல ஒண்ணு குடு."

அது பலகையிலேயே பெரிய எண். சர்க்கரைப் பாகு தடவிய பெரிய ரொட்டி.

"அது வேணாம் நைனா. வேற எதனா குடுக்கறேன்."

"ஏன்? அதுலதான கட்டுமானம் ஜாஸ்தி?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கத்துக் கரும்புக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. கரும்பு ஆலைக்குப் போனால் அதில் எவ்வளவு சர்க்கரை இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அதற்குச் சர்க்கரைக் கட்டுமானம் என்று பெயர். எண் ஏறினால் நல்ல கரும்பு, இறங்கினால் சொத்தைக் கரும்பு. கட்டுமானம் ஏறிய வருடம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணி. நைனா இந்தப் பலகையையும் அப்படித்தான் படித்திருக்கிறார். எண் பெரிதாக இருக்கிற பண்டம் சத்துள்ள பண்டம். சின்ன எண்ணுக்கு எதற்கு வீணாக விலை கொடுக்க வேண்டும்?

"இல்ல நைனா. இங்க எண்ணு ஏறினா உடம்புக்குக் கெடுதல். அதச் சொல்லத்தான் எழுதி வெச்சிருக்காங்க."

"கெடுதல்னா ஏன் விக்கிறான்?"

"விக்கலாம். ஆனா எழுதி வெச்சிட்டு விக்கணும்."

"கெடுதல் எத்தினின்னு அவனே பெரிசா எழுதி, பக்கத்துல துட்டும் எழுதி, கூப்ட்டு குடுக்கறான். நம்பற மாரி கீதா இது? உனுக்குத் தெரியலம்மா. மேனேஜராண்ட கேளு."

மேனேஜரிடம் கேட்டால் பலகையைக் காட்டுவார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நைனா நகரவில்லை. நான் அந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் முழுதும் சாப்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து "நல்லா கீது" என்று தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையை ஒரு கட்டையால் அடித்து இறக்கியிருப்பேன்.

4

நீங்கள் கேட்பீர்கள். பெற்ற அப்பா, சர்க்கரை நோயாளி. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, இதில் என்ன கஷ்டம்?

எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர் தட்டை எண்ணக் கூடாது. எத்தனை போட வேண்டும் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. போதும் என்று சொல்ல வேண்டியவர் சாப்பிடுகிறவர்தான், போடுகிறவர் சொல்லக் கூடாது. அம்மா இட்லியைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பார், கண் வேறெங்கோ இருக்கும். எண்ணினால் கண் பட்டுவிடும், உடம்பில் ஒட்டாது. இது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம், ஸ்கேல் வைத்து அளக்க அதிகாரி தேவைப்படாத சட்டம்.

ஒரு முறை அது மீறப்பட்டது. அக்கா வீட்டுக்காரர், எங்களுக்குப் பாவா, அரக்கோணத்தில் ரயில்வே வேலை. பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது விருந்துக்கு வந்திருந்தார். களத்தில் வெட்டுக்காரர்களுக்குக் களியும் குழம்பும் போட்டுக்கொண்டிருந்தோம். பாவா ஒரு ஆளின் அருகே போய் நின்று, "இன்னாப்பா, இது அஞ்சாவது உருண்டையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த ஆள் வாயில் இருந்ததை விழுங்கினார். மீதிக் களியோடு தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினார். அதன் பிறகு இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.

மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்துப் பேசாத வீடு எங்களுடையது. அன்றைக்கு நைனா எல்லோர் முன்னாலும் பாவாவைக் கேட்டார். "துன்றவன் தட்டுல கண்ணு வைக்கறியே, நீ மனுசனா?" பாவா அன்று மாலை ரயிலிலேயே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. அம்மா அழுதார். நைனா அசையவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் நான் எப்படி "போதும்" என்று சொல்வேன்? நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்குக் கலோரிப் பலகையைக் கைகாட்டுகிற என்னால், பெற்ற அப்பா தட்டில் வைத்த கையைத் தடுக்க முடியவில்லை. நான் செய்ததெல்லாம் திருட்டு வேலைதான். ரொட்டியைப் பாதியாக வெட்டி, இப்போதெல்லாம் சின்னதாகத்தான் வருகிறது என்பேன். அவர் அந்தப் பாதியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பலகைல மட்டும் கொறைக்கல" என்பார்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இட்லி. நைனா சாப்பிட உட்கார்ந்தார். நான் அம்மா மாதிரியே எங்கோ பார்த்துக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் திவ்யா ஒரே ஒரு இட்லியை வைத்துக்கொண்டு கொறித்தாள். திடீரென்று நிமிர்ந்து, தன் அரைகுறைத் தமிழில், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் சொன்னாள்:

"தாத்தா, இது ஆறாவது. நெய் வேற. மொத்தம் ஃபோர் ஹன்ட்ரட் ஆச்சு. உனக்கு டயாபட்டீஸ் இருக்கு தாத்தா. நிறுத்து."

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

நைனா திவ்யாவைத் திட்டவில்லை. பாவாவைக் கேட்டது போல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறாவது இட்லி தட்டில் இருக்க, தட்டிலேயே கையைக் கழுவினார்.

"போதும்மா. வயிறு நெறஞ்சிடுச்சி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திவ்யாவைச் சமையலறைக்கு இழுத்துப் போய், கையை ஓங்கிவிட்டேன். இந்த ஊரில் பிள்ளையை அடிக்க முடியாது என்று ஒரு சட்டம் இருப்பதும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதும் நினைவுக்கு வந்து, கையை இறக்கினேன்.

"துன்றவங்களப் பாத்து எண்ணுவியா நீ? யாரு உனுக்குச் சொல்லிக் குடுத்தது?" கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"ஷாப்ல நீ எல்லாருக்கும் சொல்றே. தாத்தாக்கு மட்டும் ஏன் சொல்லக் கூடாது?"

"நான் சொல்லல. பலகை சொல்லுது."

"அப்போ வீட்ல யாரு சொல்றது?"

மாட்டிக்கொண்டால் அம்மாக்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். போய்ப் படி என்று விரட்டினேன்.

அன்றிலிருந்து நைனாவின் சாப்பாடு குறைந்தது. கடைக்கு வருவார், பலகையைப் பார்க்க மாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்வார். ரொட்டி வேண்டும் என்று கேட்பதே இல்லை. வீட்டில் தட்டில் போட்டதில் கொஞ்சம் கொறித்துவிட்டு, "நெறஞ்சிடுச்சி" என்பார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் வலித்தாலும், சர்க்கரைக்கு நல்லதுதானே என்று இன்னொரு பக்கம் சமாதானமாக இருந்தது. மாத்திரையை மட்டும் அவர் தவறவிடவில்லை. திருத்தணி டாக்டர் சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவு. சாப்பாடு நின்றுபோன வயிற்றில் முழு மாத்திரை போய்க்கொண்டிருந்தது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

6

அதே வாரம் வெள்ளிக்கிழமை. கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். திவ்யா அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கியிருந்தாள்.

"அம்மா! தாத்தாவப் பாரு!"

நைனாவின் சட்டை முழுக்க வியர்வை. வெளியே பனி கொட்டுகிறது, அவருக்கு வியர்த்து ஊற்றுகிறது. கை நடுங்கியது. "நைனா, இன்னா பண்ணுது?" என்றேன். அவர் என்னை யாரோ மாதிரி பார்த்தார். "கரும்பு லோடு ஏத்தியாச்சா?" என்றார். அதன் பிறகு பேச்சு குழறியது. தலை மேசையில் சாய்ந்தது. எனக்கு மாரடைப்பு என்றே தோன்றியது. நான் அவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. மேனேஜர்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நைனாவின் விரலில் ஊசி குத்த, இன்னொருவர் என்னிடம் கேட்டார். சர்க்கரை நோய் உண்டா? உண்டு. மாத்திரை எடுத்தாரா? எடுத்தார். என்ன மாத்திரை? பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். இன்று என்ன சாப்பிட்டார்?

"இட்லி" என்றேன்.

அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அரிசியில் செய்தது என்றேன்.

"எத்தனை?"

"சாப்பிட்டார்."

"அம்மா, எத்தனை சாப்பிட்டார் என்று கேட்கிறேன்."

எனக்குத் தெரியவில்லை. காலையில் என் கையால்தான் போட்டேன். என் கண் வேறெங்கோ இருந்தது. நாற்பது வயதுவரை பழகிய கண், அன்றைக்கு மட்டும் எப்படி எண்ணியிருக்கும்?

"ஒன்று" என்றாள் திவ்யா, இங்கிலீஷில். "காலையில் அம்மா மூன்று போட்டாள். ஒன்றுதான் சாப்பிட்டார். மற்றதை அம்மா பார்க்காதபோது எடுத்துக் குப்பை டப்பாவில் போட்டுவிட்டார். நேற்று இரவு மோர் மட்டும். நேற்று கடையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான். நான் எண்ணியதிலிருந்து."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது.

சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது என்றார்கள். விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பற்பசை மாதிரி ஒரு குழாயில் இருந்த சர்க்கரைக் கூழை நைனாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்கினார்கள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண் நிலைக்கு வந்தது. என்னைப் பார்த்தார், அந்த இரண்டு பேரைப் பார்த்தார்.

"இன்னாமா இத்தினி கும்பல்?" என்றார்.

நான் அழுதேன். பலகைக்குக் கீழே, மேனேஜர் முன்னால், வரிசையில் நின்றவர்கள் பார்க்க அழுதேன். வரிசையில் ஒருத்தர்கூடக் கலையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் காபி வேண்டும்.

7

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மாத்திரையைக் குறைத்தார்கள். சாப்பிடாமல் போடக் கூடாது என்று ஒரு நர்ஸ் படம் வரைந்து காட்டினார். நைனா மரியாதையாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும், தாத்தாவும் பேத்தியும் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. நைனா அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் துன்றத நாளெல்லாம் பாத்துகினே இருந்தியாமா?"

"ஆமா தாத்தா."

"டப்பால போட்டதையுமா?"

"ஆமா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தன் உயிரைக் காப்பாற்றிய பெண் அவள் என்பது அவருக்குத் தெரியும். தன் தட்டை எண்ணியவளும் அவள்தான் என்பதும் தெரியும். இரண்டையும் அவரால் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை என்றால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.

இரண்டு நாள் கழித்து, நான் போட்ட சாதத்தை முழுதும் சாப்பிட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணாண்ட சொல்லு. வண்டில வந்தவன் கேட்டா சொல்லலாம், தப்பில்ல. ஆனா கை தட்டுல இருக்கறப்ப சொல்லக் கூடாது. துன்னு எழுந்தப்புறம் இன்னா வேணா சொல்லட்டும்."

"எழுந்தப்புறம் சொல்லி இன்னா நைனா பிரயோஜனம்?"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் எனக்குத் தெரிந்தது. அதுதான் என் எரிச்சல். இந்த நகரத்தில் சட்டம் போட்டவர்களுக்கு அது தெரியாது. வாய்க்குக் கொண்டுபோன கையை ஒரு எண் நிறுத்தும் என்று நினைக்கிறார்கள். அவமானப்பட்டுத்தான் அந்தக் கை நிற்கிறது. எங்கள் கடையில் வந்து நிற்கிறவர்களும் அப்படித்தான். எண்ணைப் பார்த்ததும் முகம் சுருங்கும். ஒரு நாள் வாங்க மாட்டார்கள். மறுநாள் பலகையைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, அதே ரொட்டியைக் கேட்பார்கள். அதே நேரம், எண்ணாமல் இருந்ததால் என் அப்பா என் கண் முன்னால் செத்திருப்பார். அதையும் நான் மறக்க முடியாது. எந்தப் பக்கம் நின்று கத்துவது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறேன்.

ஆறு மாதத்துக்கு வந்தவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிடும், தான் இல்லாவிட்டால் கரும்பு காய்ந்து எடை இறங்கிவிடும் என்றார். அது காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விமான நிலையத்தில் திவ்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவரும் விடவில்லை. ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு போன் செய்கிறேன். முன்பெல்லாம் என் பேச்சு ஒரே மாதிரி இருக்கும். சாப்பிட்டாயா என்பேன், ஆங் என்பார், மழை உண்டா என்பேன். இப்போது மாத்திரை, பரிசோதனை, கால் விரல் என்று விசாரணை நீண்டுவிட்டது. ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் மாதக்கணக்காகக் கேட்கவில்லை. போன வாரம், அந்த இலவச டோனட் நாளுக்கு மறுநாள், துணிந்து கேட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்துவிட்டாரா என்று முதலில் உறுதி செய்துகொண்டுதான் கேட்டேன். திவ்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்ட்டியா நைனா?"

"ஆங், ஆச்சு. இட்லி."

"எத்தினி?"

போன் கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. தூரத்தில் மாடு கத்தியது கேட்டது.

"உங்கம்மாவாண்ட குடுக்கறேன்" என்றார் நைனா.

அம்மா போனை வாங்கினார். மாடு கன்று போட்டதைச் சொன்னார், அரக்கோணத்துப் பாவாவுக்கு ரிடையர்மெண்ட் வரப்போவதைச் சொன்னார். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே செருப்புச் சத்தம் கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நைனா வெளியே போய்விட்டார் போலிருக்கிறது. அம்மா குரலைத் தாழ்த்தினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கோ பார்த்துக்கொண்டு இட்லி போட்டவர் அவர்.

"அஞ்சு" என்றார். "நேத்து நாலு. அதுக்கு மொதநாளு நாலு. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

திவ்யா என் தோளைத் தட்டி, எத்தனை என்று கையால் கேட்டாள். நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.